வாடும் பூவும் வாடாத மாலையும்

தியானப் பகுதி: 1 பேதுரு 1:3-4, 22-25, 5:1-4





பேதுரு அப்போஸ்தலன் சிதறுண்டிருந்த விசுவாசிகளுக்கு எழுதிய முதல் நிருபம் ஐந்தே அதிகாரங்கள் கொண்டது. அச்சிறு நிருபத்தில் மூன்று முறை அவர் பூவை நினைக்கிறார். தொடக்கத்தில், பரலோகத்தில் நமக்கென்று வைக்கப்பட்டுள்ள சுதந்தரத்தை 'வாடாதது' என்கிறார். அதே அதிகாரத்தின் முடிவில், ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்து, மாம்சமெல்லாம் புல்லுக்கு ஒப்பானது, அதன் மகிமை புல்லின் பூவுக்கு ஒப்பானது, புல் உலரும், பூ உதிரும் என்று நினைவூட்டுகிறார். கடைசி அதிகாரத்தில், மந்தையை உண்மையாய் மேய்த்தவர்களுக்குப் பிரதான மேய்ப்பர் தரும் கிரீடத்தை மீண்டும் 'வாடாதது' என்கிறார்.

'வாடாதது' என்பதற்கு அவர் கையாண்ட கிரேக்கச் சொல்லிலிருந்தே 'அமராந்த்' என்ற பூவின் பெயர் வந்தது. பறித்து நாளானாலும் நிறம் மங்காத பூ என்பதால் அதற்கு அப்பெயர். நம் தோட்டங்களில் பூக்கும் வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும், நாம் கடைந்து உண்ணும் முளைக்கீரையையும் தாவரவியலார் அந்தப் பெயர் தாங்கிய குடும்பத்திலேயே சேர்த்திருக்கின்றனர். பேதுருவின் எண்ணத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமானால், வாடாமல்லி என்ற பெயரே நமக்குப் பாதி விளக்கத்தைத் தந்துவிடும்.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. உதிரும் பூவையும் வாடாத கிரீடத்தையும் ஒரே நிருபம் எப்படித் தாங்குகிறது? பூ உதிரும் என்பது உண்மையானால், அந்தப் பூவுக்கு என்ன மதிப்பு? இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. துக்க வீடுகளில் இந்த வசனம் வாசிக்கப்படும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய உள்ளத்தில் இக்கேள்வி எழுகிறது. சிறுவயதில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், மனிதன் பூவைப் போல் வாடிப்போகிறவன் என்று சொல்லும்போது, அவள் காதில் அது எவ்வாறு விழுகிறது? 'வாடிப்போகிற ஒன்றுக்காக ஏன் இவ்வளவு அழுகிறாய்?' என்று விழுமானால், வேதம் சொல்லாத ஒன்று வேதத்தின் பெயரால் சொல்லப்பட்டதாகிவிடும்.

ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த ஓவியர் சிலர், இந்த வசனங்களோடு தூரிகையைக் கையில் பிடித்துப் பல காலம் போராடினார்கள். அவர்களுடைய மலர் ஓவியங்களின் வரலாற்றையும், நமக்கு அண்மையிலேயே வாழ்ந்து தமிழில் மாலை தொடுத்த ஒருவருடைய வரலாற்றையும் இவ்வாரம் சிந்திப்போம்.

வெறுமையான சுவரும் பூச்சாடியும்

1566 ஆம் ஆண்டில், இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் அடங்கிய நாட்டில், ஆலயங்களில் இருந்த சிலைகளும் படங்களும் கூட்டங்கூட்டமாய் உடைக்கப்பட்டன. ஆண்ட்வெர்ப் நகரத்துப் பேராலயமும் அதற்குத் தப்பவில்லை. பின்பு வடபகுதியில் சீர்திருத்தச் சபை நிலைபெற்றது. அதன் ஆலயங்களில் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டு வெறுமையாய் நின்றன. பலிபீடத்திற்குப் படம் வரைந்து பிழைத்த ஓவியர்களுக்கு அங்கே ஆலயத்தில் வேலை இல்லாமற்போயிற்று. அவர்கள் வீடுகளுக்காக வரையத் தொடங்கினார்கள். உணவு மேசை, கடற்கரை, வயல்வெளி, பூச்சாடி ஆகியவை ஓவியத்தின் பொருளாயின.

அதுவரை மரியாளின் அருகே ஒரு லீலியாகவோ, கன்னியரின் கையில் ஒரு ரோஜாவாகவோ ஓரமாய் நின்ற பூ, 1600 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியே ஓவியத்தின் நடுவிடத்திற்கு வந்தது. ஆண்ட்வெர்ப்பில் யான் புரூகல், மிடில்பர்க்கில் அம்புரோசியஸ் பொஸ்ஹார்ட் ஆகியோர் அதன் முன்னோடிகள். துருக்கியிலிருந்து வந்த துலிப் போன்ற புதிய மலர்கள் அப்போதுதான் அந்நாட்டுத் தோட்டங்களில் வேர்பிடித்திருந்தன. 1602 இல் தொடங்கிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி நம்முடைய பழவேற்காட்டிலும், 1658 முதல் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டிருந்தது. நம் சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் பருத்தித் துணியில் எழுதிய பூக்கள் அக்கப்பல்களில் ஏறி அதே ஒல்லாந்து வீடுகளுக்குச் சென்றன. அந்த வீட்டுச் சுவரில் அவர்கள் நாட்டு ஓவியனின் பூ. கட்டில் திரையில் நம் நாட்டு ஓவியனின் பூ.

1600 முதல் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதி வரை நீண்ட இக்காலத்தின் கலையைப் 'பரோக்' கலை என்பர். ஆழ்ந்த இருளும் அதைக் கிழித்து வரும் ஒளியும், அசைவும், காண்போரின் உள்ளத்தைத் தொடும் உணர்ச்சியும் அதன் இயல்புகள்.

எந்த வீட்டிலும் இருந்திராத பூங்கொத்து

1606 இல் புரூகல், மிலான் நகரத்துக் கர்தினால் பெதெரிகோ பொரோமேயோவுக்காக ஒரு பூச்சாடியை வரைந்தார். அது இன்றும் மிலானில், அக்கர்தினால் நிறுவிய அம்புரோசியானாவில் இருக்கிறது. ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத அரிய மலர்களைக் கண்ணாரக் கண்டு வரைவதற்காகப் புரூகல் பிரசெல்ஸ் நகரத்துக்குப் பயணம் செய்தார். ஒவ்வொரு பூவும் அதனதன் பருவத்தில் மலரும் வரை காத்திருந்து, வந்ததும் பலகையில் அதன் இடத்தில் தீட்டினார்.

இதனால் விளைந்தது என்ன? வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பதும், கோடையில் பூப்பதும், அதற்குப் பின்பு பூப்பதும் ஒரே சாடியில் ஒன்றாய் மலர்ந்து நிற்கின்றன. உலகத்தில் எந்த வீட்டிலும், எந்த நாளிலும் அப்படியொரு பூங்கொத்து இருந்ததில்லை. ஒன்று மலரும்போது மற்றொன்று மண்ணுக்குள் கிழங்காய் உறங்கிக்கொண்டிருக்கும். ஓவியர் பல மாதங்களைச் சேர்த்து ஒரு நொடியாக்கினார்.

தமிழருக்கு இது புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர், தலைவியும் தோழியும் பறித்து வந்து பாறையில் குவித்ததாக 99 மலர்களின் பெயர்களை அடுக்கியுள்ளார். ஒரே நாளில் ஒரு மலைச்சாரலில் அத்தனையும் பூத்திருந்தனவா என்று நாம் வழக்காடுவதில்லை. நிறைவைக் காட்டப் புலவன் அவற்றை ஒன்றுசேர்த்தான் என்று அறிந்துகொள்கிறோம். புரூகலும் அதையே வண்ணத்தில் செய்தார்.

இவ்வோவியத்தில் இன்னொன்றும் உண்டு. பூச்சாடியின் அடியில் ஓர் ஆபரணத்தையும் நாணயங்களையும் சிப்பிகளையும் புரூகல் வரைந்தார். பூக்கள் பொன்னையும் மணியையும் விஞ்சவில்லையா, நீரே தீர்ப்புச் சொல்லும் என்ற கருத்தில் கர்தினாலுக்குக் கடிதமும் எழுதினார். மத்தேயு 6 ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் காட்டுப் புஷ்பங்களுக்கு அருகே சாலொமோனின் மகிமையை வைத்து ஒப்பிட்டதை அறிந்த எவருக்கும், இக்காட்சியின் பொருள் விளங்கும். கர்தினால் அவ்வோவியத்தைக் குளிர்காலத்தில் பார்த்து மகிழ்ந்தார். வெளியே பனி மூடியிருக்கையில் உள்ளே வசந்தம் இருந்தது.

இப்பொறுமை புரூகலோடு நின்றுவிடவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த யான் வான் ஹைசம் என்பவர், மஞ்சள் ரோஜா ஒன்று கிடைக்காததால் ஓவியத்தை முடிக்க இயலவில்லை என்று அதை வாங்கவிருந்தவருக்குத் தெரிவித்துக் காத்திருந்தார். லண்டனில் உள்ள அவருடைய ஓவியம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பூச்சாடியை நிறைக்க இரண்டு ஆண்டுகள்! ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ராகேல் ரைஷ் அம்மையார் பத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய். 80 வயதைக் கடந்த பின்னும் பூக்களை வரைந்து, கையொப்பத்தோடு தம் வயதையும் எழுதினார்.

ஓரிரு நாளில் வாடிவிடும் ஒன்றுக்கு இத்தனை மாதங்களின் கவனம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

இதழும் புழுவும் பேசும் மொழி

இவ்வோவியங்கள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். தொடக்ககால ஓவியங்களில் பூக்கள் ஏறக்குறைய சமச்சீராய் நிற்கும். ஒன்றையொன்று அதிகம் மறைக்காமல் ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டும். பொஸ்ஹார்ட்டின் பூச்சாடிகள் குடும்பப் புகைப்படத்தைப் போன்றவை. நூற்றாண்டு நகர நகர, அமைப்பு அசையத் தொடங்கியது. யான் டேவிட்ஸ் தே ஹேம், ராகேல் ரைஷ் போன்றோரின் ஓவியங்களில் தண்டுகள் வளைந்து நெளிகின்றன. ஒரு பூ தலைகவிழ்ந்து சாய்கிறது. மற்றொன்று நமக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறது. பின்புலம் இருளாகவும், ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து நடுவில் உள்ள வெளிர்நிற மலர்களில் விழுவதாகவும் அமைத்தார்கள். ஓரத்து மலர்கள் இருளுக்குள் பாதி மறைகின்றன.

அடையாளங்களும் அவ்வமைப்புக்குள்ளேயே பொதிந்துள்ளன. லீலி தூய்மையைக் குறித்தது. முள்ளோடு கூடிய ரோஜா, அன்பையும் அதன் பாடுகளையும் குறித்தது. கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் சேர்ந்து வந்தால் திருவிருந்தை நினைக்க வேண்டும். தே ஹேம் 1648 இல் வரைந்து இப்போது வியன்னாவில் இருக்கும் ஓர் ஓவியத்தில் அவை திருவிருந்துப் பாத்திரத்தையே சூழ்ந்து நிற்கின்றன. இலையை அரிக்கும் கம்பளிப்புழு அழிவைக் காட்டியது. அதே தண்டின் மேலே அமர்ந்த வண்ணத்துப்பூச்சியோ, கூட்டுக்குள் அடங்கி மறுவடிவில் வெளிப்படும் உயிர் என்பதால், உயிர்த்தெழுதலை நினைவூட்டியது. எல்லா ஓவியரும் எல்லாப் பூவுக்கும் இப்படிப் பொருள் வைத்தே வரைந்தார்கள் என்று நாம் வலிந்து கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்து மக்கள் வேதத்தையும் தோட்டத்தையும் சேர்த்தே வாசித்தார்கள்.

இவற்றுள் நாம் உற்றுநோக்க வேண்டியது, மேசைமேல் உதிர்ந்து கிடக்கும் இதழ். மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் மலர்ந்தது, தலைசாய்ந்தது, உதிர்ந்தது என்று ஒரு பூவின் ஆயுள் முழுவதும் ஒரே சாடியைச் சுற்றி இருக்கிறது. நம் மொழி இந்நிலைகளுக்கு எத்தனை பெயர்களை வைத்திருக்கிறது! அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். வாடிய பழம்பூவுக்குத் தமிழர் இட்ட பெயர் செம்மல். பெருமைக்குரிய மேன்மக்களை அழைப்பதற்கும் அதே சொல்தான். பூ வாடியதும் பெயரற்ற குப்பையாகிவிடவில்லை; மேன்மையைச் சொல்லும் அதே சொல்லால் நம் முன்னோர் அதையும் அழைத்தார்கள்.

வாடுதலைக் குறித்த எச்சரிக்கையும் அக்காலத்தில் தேவைப்பட்டது. 1636-37 இல் ஒல்லாந்தில் துலிப் கிழங்குகளின் விலை வெறிபிடித்தாற்போல் ஏறியது. ஒருவரும் கண்ணால் காணாத, இன்னும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குகள் சீட்டுகளாகக் கைமாறின. 1637 பிப்ரவரியில் வாங்குவோர் வராமற்போக, விலை சரிந்து வீழ்ந்தது. மிக உயர்ந்த விலை பெற்ற துலிப் மலர்களின் தீச்சுவாலை போன்ற கோடுகள், கிழங்கை மெல்ல மெல்ல நலிவடையச் செய்யும் ஒரு வைரஸ் நோயின் அடையாளம் என்பது 20 ஆம் நூற்றாண்டிலேயே தெரியவந்தது. பூச்சாடியின் அருகே மண்டை ஓட்டையும் கடிகாரத்தையும் வைத்து அக்கால ஓவியர்கள் எச்சரித்ததில் வியப்பில்லை.

ஆனால், பிரியமானவர்களே, அந்த எச்சரிக்கை யாருக்கு உரியது? யாக்கோபு தம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் உதிரும் பூவைப் பேசும்போது, ஐசுவரியவானை நோக்கியே பேசுகிறார். துக்கப்படுகிறவனை நோக்கி அன்று. ஏசாயா 40 ஆம் அதிகாரமோ, தேவன் தம் ஜனத்தை ஆற்றித் தேற்றும்படி கட்டளையிடுவதில் தொடங்குகிறது. சிறைப்பட்டுப்போன மக்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலின் நடுவில்தான் உலரும் புல் வருகிறது. அவர்களை நசுக்கிய பாபிலோனின் மகிமையும் புல்லின் பூவே. கர்த்தருடைய வசனமோ நிற்கும் என்பதே அதன் நற்செய்தி. 103 ஆம் சங்கீதத்தில் மனிதன் வெளியின் புஷ்பத்துக்கு ஒப்பிடப்படுவதற்குச் சற்று முன்பு, தகப்பன் பிள்ளைகளுக்கு இரங்குவதுபோல் கர்த்தர் இரங்குகிறார் என்ற கருத்து நிற்கிறது. நாம் மண்ணென்று அவர் நினைத்துக்கொள்ளுகிறபடியால் இரங்குகிறார். வேதத்தில் பூவின் வாட்டம் பெருமையுள்ளவனுக்கு எச்சரிப்பு. நொறுங்குண்டவனுக்கோ தகப்பனின் இரக்கத்துக்குக் காரணம். முன்னவனுக்குரியதைப் பின்னவனிடம் சொல்லிவிடக் கூடாது.

மாலை தொடுத்த இருவர்

இப்போது இரண்டு மாலைகளைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது ஆண்ட்வெர்ப்பில். 1590 இல் பிறந்த தானியேல் சேகர்ஸ், இளமையில் சீர்திருத்தச் சபையார் நடுவே வளர்ந்தார். பின்பு ஆண்ட்வெர்ப்புக்குத் திரும்பி, புரூகலிடம் மலர் ஓவியம் பயின்று, 1614 இல் கத்தோலிக்க இயேசு சபையில் சேர்ந்தார். அவருக்கே உரிய ஓவிய வகை மலர்மாலை. நடுவில் கல்லில் செதுக்கியது போன்ற சாம்பல்நிறத் திருவுருவம். அதைப் பெரும்பாலும் வேறோர் ஓவியர் வரைவார். அதைச் சுற்றிக் கொத்துக்கொத்தாய்ச் செருகிய பூக்களை சேகர்ஸ் வரைவார். நடுவிடம் நிறமற்ற கல்; சுற்றிலும் உயிருள்ள நிறங்கள். அவ்வோவியங்களை அச்சபையார் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பினர். 1640களில் ஒன்று, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஆரஞ்சு இளவரசர் பிரெடெரிக் ஹென்றிக்கும் சென்றது. அவர் அதை மறுக்கவில்லை. ஓவியருக்குப் பொன்னாலான ஓவியக் கருவிகளைப் பரிசாய் அனுப்பி மரியாதை செய்தார். பல்லாண்டுகள் போரிட்ட இரு தரப்பாருக்கு நடுவே ஒரு பூமாலை நடந்து சென்றது.

இரண்டாவது மாலை நமக்கு மிக அருகில் உள்ளது. நம் ரஞ்சன்குடியிலிருந்து தெற்கே சென்று, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையை நெருங்கினால் ஏலாக்குறிச்சி வரும். 1680 இல் இத்தாலியில் பிறந்து, 1698 இல் அதே இயேசு சபையில் சேர்ந்து, 1711 அளவில் மதுரை மறைத்தளத்துக்கு வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், அங்கே பல ஆண்டுகள் பணியாற்றினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். சேகர்ஸ் தூரிகையால் செய்ததை இவர் எழுத்தாணியால் செய்தார்.

அவர் பாடிய பெருங்காப்பியம் தேம்பாவணி. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 விருத்தங்கள். யோசேப்பை வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக்கிப் பாடியது. பெயரைப் பிரித்துப் பாருங்கள். தேம்பா அணி என்றால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி. பேதுரு கிரேக்கத்தில் எழுதிய அந்தச் சொல்லே, கொள்ளிடக் கரையில் ஒரு தமிழ்க் காப்பியத்தின் பெயராய் மலர்ந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர் அடைக்கல மாதாவின் மேல் பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். கலம்பகம் என்பது பலவகைப் பூக்களைக் கலந்து தொடுத்த மாலைக்குப் பெயர். 18 உறுப்புகள் கலந்துவர, பலவகைப் பாக்களால் இயற்றும் சிற்றிலக்கியத்துக்கும் அதுவே பெயராயிற்று. அடைக்கல மாலை என்ற நூலும் அவருடையதே. பல பருவத்துப் பூக்களை ஒரு சாடியில் சேர்த்த ஓவியரின் கலையும், பலவகைப் பாக்களை ஒரு மாலையில் சேர்த்த கலம்பகக் கலையும் உறவுடையவை.

வீரமாமுனிவர் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த நம் லுத்தரன் முன்னோடிகளோடு கடுமையாய் வாதிட்டவர். அவர்களை மறுத்து நூல்களும் எழுதியவர். மரியாளைக் குறித்த அவருடைய பக்தி முறையை நாம் பின்பற்றுவதில்லை. எனினும் ஆரஞ்சு இளவரசர் அந்த மாலையை ஏற்றதுபோல், தேம்பாவணி என்ற பெயரை நாமும் நன்றியோடு ஏற்கலாம். மாலையின் பூக்கள் எல்லாருடைய தோட்டத்திலும் பூத்தவை.

ஒருவரும் திரும்பிப் பாராத பூ

மியூனிக் நகரத்தில் இருக்கும் தே ஹேமின் ஓவியம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அழகிய மலர்கள் நிறைந்த பூச்சாடி; அதன் அருகே ஒரு மண்டை ஓடு; ஒரு சிலுவை உருவம். கூடவே ஒரு காகிதச் சீட்டு. எல்லாவற்றிலும் மிக அழகிய பூவையோ ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அதில் எழுதியிருப்பதன் கருத்து.

நம் கண்கள் முதலில் ரோஜாவுக்கும் துலிப்புக்கும் போகும் என்று ஓவியருக்குத் தெரியும். அப்படிப் போகும்படியே ஒளியையும் நிறத்தையும் அமைத்தார். பிறகு அந்தச் சீட்டினால் நம்மைத் தடுத்து நிறுத்திச் சிலுவைக்குத் திருப்புகிறார். அழகும் சௌந்தரியமும் அற்றவராய், மனிதர் முகத்தை மறைத்துக்கொள்ளும்படி இருந்தவர் என்று ஏசாயா 53 ஆம் அதிகாரம் காட்டும் அவரே மிக அழகிய பூ.

இங்கேதான் பேதுருவின் மூன்று வாக்கியங்களும் ஒன்றாய்ச் சேருகின்றன. வாடாத கிரீடம், வாட்டத்தை அறியாத ஒருவரிடமிருந்து வரவில்லை. நம்மைப் போல் மாம்சமாகி, முப்பத்து மூன்று வயதளவில் பறிக்கப்பட்டு, முள்முடி சூடி, மண்ணில் வைக்கப்பட்டவரிடமிருந்து வருகிறது. பேதுரு 'வாடாதது' என்ற சொல்லை எழுதும் முன்னே, இயேசு கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்ததைச் சொல்லிவிடுகிறார். உயிர்த்தெழுதல் இல்லாமல் அச்சொல்லுக்குப் பொருளில்லை.

வாடாதவை உலகில் வேறும் உண்டு. நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940 இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். அதன் வயதை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்று புவியியலாளர் கணக்கிடுகின்றனர். பூக்காத மர வகையைச் சேர்ந்த அது, கல்லாய் மாறிய மரம். அது இனி வாடாது. ஆனால் துளிர்க்கவும் துளிர்க்காது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பூவும் அவ்வாறே. உயிரை இழந்து வாடாமலிருப்பது ஒன்று. மரணத்தைக் கடந்து வாடாமலிருப்பது வேறொன்று. நமக்கு வாக்களிக்கப்பட்டது இரண்டாவது. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகும் வழியாய் வருவது அது.

அவர் உடுத்துவிக்கிறார்

மலர் ஓவியங்களின் பொறுமையை நினைவில் வைக்கும்படி சொன்னேன். ஒரு மஞ்சள் ரோஜாவுக்காக அடுத்த பருவம் வரை காத்திருந்த மனிதன், அது வாடும் என்பதற்காக அதை அற்பமாய் எண்ணவில்லை. வாடும் என்று அறிந்ததனாலேயே அவ்வளவு கூர்ந்து பார்த்தான். மனிதனே இப்படியானால், படைத்தவர் எப்படிப்பட்டவராயிருப்பார்? நம் ஆண்டவரின் மலைப்பிரசங்கத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் போடப்படும் காட்டுப் புல்லையே தேவன் இவ்விதமாய் உடுத்துவிக்கிறார் என்கிறார். நாளைக்கு அடுப்பு என்று அறிந்தும் இன்றைக்குச் சாலொமோனிலும் மேலான உடை! ஆயுளின் நீளத்தைப் பார்த்து அவர் அழகை அளந்து கொடுப்பதில்லை. ஒரு நாள் வாழும் பூவுக்கும் முழு அழகைக் கொடுக்கிறார்.

ஆகையால் துக்க வீட்டில் நாம் என்ன சொல்லலாம்? உங்கள் பிள்ளை வாடிப்போகிற பூ, ஆதலால் அழாதிருங்கள் என்று சொல்ல நமக்கு அனுமதி இல்லை. உங்கள் பிள்ளையின் ஆறு வயதும் தேவன் தம் கையால் உடுத்துவித்த ஆறு வயது. அதில் ஒரு நாளும் அற்பமானதன்று என்று சொல்லலாம். லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்ட ஆண்டவர் உங்களோடு அழுகிறார் என்று சொல்லலாம். பிறகு, கேட்கத்தக்க வேளை வரும்போது, வாடாத சுதந்தரத்தைக் குறித்துச் சொல்லலாம். சொல்ல ஒன்றும் வராவிட்டால், அருகில் அமர்ந்திருப்பதும் ஊழியமே.

நம்மில் யாரும் ஒரே பருவத்தில் பூப்பதில்லை. சிலர் அரும்பாய் இருக்கையிலே எடுக்கப்பட்டார்கள். சிலர் முழுதும் மலர்ந்து மணம் வீசினார்கள். சிலர் செம்மலாய், முதுமையில் தலைசாய்த்தார்கள். இப்பூமியில் அவர்கள் அனைவரும் ஒரே சாடியில் ஒருநாளும் நின்றதில்லை. பாட்டனை அறியாத பேரன் உண்டு. பேரனைக் காணாத பாட்டி உண்டு. எல்லாப் பருவத்துப் பூக்களையும் ஒன்றாய்ச் சேர்த்து நிறுத்த ஓவியர்கள் ஒரு பலகையின் அளவில் ஆசைப்பட்டார்கள். பிரதான மேய்ப்பர் வெளிப்படும் நாளில் அது உண்மையாகவே நிறைவேறும். எல்லாக் காலத்துப் பரிசுத்தவான்களும் அவர் முன் ஒன்றாய் நிற்பார்கள். அந்த மாலையில் பூ ஒன்றும் குறைவுபடாது. அது வாடவும் வாடாது.

இவ்வாரத்தில் நீங்கள் கடைவீதியில் ஒரு முழம் பூ வாங்கும்போது, அல்லது கல்லறைக்கு ஒரு மாலை எடுத்துச் செல்லும்போது, அதைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். மாலைக்குள் வாடப்போகிற அதன் ஓர் இதழைத் தேவன் எவ்வளவு கவனமாய்ச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். பிறகு, துக்கத்தில் இருக்கும் ஒருவரை நினைத்து, அவர் வீட்டுக்குச் சென்று வாருங்கள்.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, நாங்கள் மண்ணென்று அறிந்தும் எங்கள்மேல் இரங்குகிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். வாடுகிற எங்கள் நாட்களை உமது அழகினால் உடுத்துவித்தருளும். பிரிவினால் கலங்கும் குடும்பங்களை ஆற்றித் தேற்றும். எங்கள் வாயின் வார்த்தைகள் அவர்களைக் காயப்படுத்தாதபடி காத்தருளும். ஒருவரும் திரும்பிப் பாராத அந்த மிக அழகிய பூவை நாங்கள் பார்க்கும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். வாடாத சுதந்தரத்துக்கு எங்களைக் காத்து நடத்தும். உயிர்த்தெழுந்த இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

உங்கள் போதகர்